பதினாலு முதல் பதினேழு வரை

பன்னிரண்டு மணிக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் பக்கிரிசாமி போனை வைத்தபோது மணி பதினொன்று பத்து. ஐம்பது நிமிஷம் இருந்தது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. பதினாலு, பதினைந்து, பதினாறு, பதினேழு என்று நான்கு நாளும் நோட்டில் வெறுமையாகக் கிடப்பது அவருக்குத் திறக்காமலே தெரியும். இருந்தாலும் திறந்தார். மனைவி தனபாக்கியத்தின் படப்பிடிப்புத் தேதிகளை இரண்டு விதமாக எழுதி வைப்பது அவர் வழக்கம். கேட்டு வைத்த தேதி பென்சிலில், கொடுத்து முடித்த தேதி நீலப் பேனாவில். பன்னிரண்டும் பதின்மூன்றும் நீலம். பதினெட்டு முதல் இருபது வரை நீலம். நடுவில் நான்கு கட்டங்கள், இலை போட்டு ஆள் வராத பந்தி மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறை விரலை வைத்து எடுத்தார். வளசரவாக்கத்தில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிற அந்தப் பங்களாவின் கார் ஷெட்டில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் தனபாக்கியத்தின் செருப்பு. மடியில் அவளுடைய கைப்பை, அதன் மேல் அவளுடைய போன், அதன் மேல் நோட்டு. அவள் மாடியில் இருந்தாள். இன்றைய காட்சியில் அவளுக்கு வெறுங்கால். படியேறும்போது செருப்பை இவர் பக்கம் ஒதுக்கிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை, இவர் எடுத்து வைப்பார். மாடியிலிருந்து ‘சைலன்ஸ்’ என்று குரல் வந்தது. வீடு முழுக்க அடங்கியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கூடக் குழாயை மூடினார். பக்கிரிசாமியும் மூச்சை அடக்கிக்கொண்டார். கார் ஷெட்டில் இவர் விடுகிற மூச்சு மாடியில் இருக்கிற மைக்குக்குப் போகாது என்று தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். ஆறு வருஷமாக அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார். ‘கட்’ என்ற சத்தம் கேட்டதும் விட்டார். எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டு விநாடி. அவர் நடித்த ஷாட் எதுவும் பதினொரு விநாடியைத் தாண்டியதில்லை.

போனில் பேசியவன் குணாளன் என்றான். ஒரு புதுப் படத்தின் தயாரிப்பு நிர்வாகி. குரல் மரியாதையாக இருந்தது. தனம்மா நம்பரா, மேனேஜரா பேசறது என்றான். ஆமாம் என்றார் பக்கிரிசாமி. அதோடு அவருடைய பெயர் அந்தப் பேச்சில் முடிந்துபோயிற்று. கல்லிடைக்குறிச்சியில் படப்பிடிப்பு, ரிட்டயர் ஆன நர்ஸ் வேஷம், கதையே அம்மா மேலதான் சார் போகுது, டைரக்டர் எழுதும்போதே அம்மாவை மனசுல வச்சுத்தான் எழுதினார் என்றான். முதலில் நான்கு நாள், பிறகு மொத்தமாக இருபது நாள். அந்த நர்ஸுக்கு ஒரு புருஷன் உண்டாம். வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவர். படம் முழுக்க வருவார், வசனம் கிடையாது, கண் மட்டும்தான். கேட்டதும் பக்கிரிசாமிக்குத் தன் கண் எரிந்த மாதிரி இருந்தது. கண் மட்டும். அது தன்னால் முடியும். வசனம்தான் தனக்கு வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும், காமிரா பார்க்கிறது என்று தெரிந்தால் குரல் தொண்டைக்குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் படுத்துக் கிடந்து பார்ப்பதற்கு என்ன. அவள் நடமாடுவதைப் படுத்துக்கொண்டே பார்க்கிற வேலை. இப்போது உட்கார்ந்துகொண்டு செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தார். அதற்குள் குணாளனே, அந்த வேஷத்துக்குத் திருநெல்வேலியில் ஒரு நாடகக்காரரைப் பேசியாச்சு சார், பிரமாதமான முகம் என்று சொல்லிவிட்டான். நல்ல வேளை கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு நிர்வாகியிடம். நானும் ஆர்ட்டிஸ்ட்தான் என்று சொன்னார். அப்படியா, சொல்லவே இல்லையே சார், எப்பருந்து என்று அந்த ஆள் கேட்டான். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். இருபத்தாறு வருஷம், எழுபத்து நான்கு படம். அந்த ஆள் வேலை பார்த்த இரண்டு படங்களிலேயே இவர் நடித்திருக்கிறார். ஒன்றில் பஞ்சாயத்தில் ஐந்தாவது ஆள், இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குகிறவர்.

மேனேஜர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. இது ஒன்பதாவது விதி. மொத்தம் பதினொரு விதி, நோட்டின் முதல் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். யாரும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடிகர்களுக்குத் தொழில் வகுப்பு என்று வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்தினார்கள். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். இவரைத் தவிர யாரும் எழுதவில்லை. நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நான்கு மணி நேரம் பேசினார் ஜோதிலிங்கம், பெரிய நடிகர்கள் மூன்று பேருக்குத் தேதி பார்த்தவர். நடிக்கத் தெரிஞ்சவன் கோடம்பாக்கத்துல தெருவுக்கு நூறு பேரு, வேலை வாங்கத் தெரிஞ்சவன் தெருவுக்கு ஒருத்தன், இப்ப நீங்க எந்தத் தெருன்னு பார்த்துக்குங்க என்று ஆரம்பித்தார். போட்டோ மூன்று வேண்டும், நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரம் ஒன்று, சிரிக்கிற போட்டோவை முதலில் வைக்காதே. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் நாளைப் பார், இடத்தைப் பார், டைட்டிலில் பேர் தனியாக வருமா கூட்டத்தோடு வருமா என்று பார். ஒரு படத்துக்கு மீசை வைத்துவிட்டால் அந்தப் படம் முடிகிற வரை அந்த மீசை உன்னுடையது அல்ல. தேதி கேட்டால் எல்லா நாளும் சும்மாதான் இருக்கிறேன் என்று ஒருநாளும் சொல்லாதே. நோட்டு காலியாக இருந்தாலும், பார்த்துச் சொல்றேன் என்று சொல். கொடுத்த தேதியை உயிர் போனாலும் மாற்றாதே. பக்கிரிசாமி எட்டாவது வரை படித்தவர். ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் பிடித்து, பிழை இருந்தாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்த நோட்டை இரண்டு முறை படித்தார். இவ்வளவு நாளும் எங்கே தப்பினோம் என்று தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. தனக்கு நடிப்பு வராததல்ல குறை, முறை தெரியாததுதான் குறை. அன்று வெயில்கூட நன்றாக இருந்தது. கடைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார், மூன்று. இனிமேல் யார் கேட்டாலும் பார்த்துச் சொல்றேன் என்று சொல்வதென்று தீர்மானித்தார். யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே பார்த்துச் சொல்ல முடியும். நான்கு மாதம் அந்த நோட்டு அலமாரியில் கிடந்தது. அப்புறம் தனபாக்கியத்துக்குத் தேவைப்பட்டது.

அவள் நடிக்க வந்ததே இவர் மறதியால். மறதி இவருக்கு வராது, வாழ்நாளில் எண்ணினால் நான்கைந்து தடவை இருக்கும், அதில் ஒன்று அன்றைக்கு. ரத்தக் கொதிப்பு மாத்திரையை வைத்துவிட்டுப் போய்விட்டார். பூந்தமல்லி பக்கம் ஒரு சாவு வீட்டுக் காட்சி, இவர் பாடை கட்டுகிறவர்களில் ஒருவர். மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து தனபாக்கியம் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கதவோரமாக, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவர் எங்கே இருக்கிறார் என்று கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அதை டைரக்டர் பார்த்துவிட்டார். அந்த அம்மா யாரு, செத்தவனோட அம்மாவா நிக்கச் சொல்லுங்க என்றார். கொடியில் கிடக்கிற மகனுடைய சட்டையை எடுத்து மடிக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்கள். அவள் எடுத்தாள், கழுத்துப் பட்டையில் இருந்த அழுக்கைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள், இது துவைத்தால் போகுமா என்கிற மாதிரி, அப்புறம் மடித்தாள். அழவில்லை. அந்த இடத்தில் எல்லோரும் கை வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பாடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கிரிசாமியும் நின்றார். கயிறு கையில் நழுவியது. அவருக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுதிருக்கலாமே இவள், அழுது கெடுத்திருக்கலாமே என்று தோன்றியது. மாத்திரை இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. மத்தியானம் வரை இவர் அதைக் கேட்கவும் இல்லை. தான் பேசிய வசனங்களை அவர் எண்ணி வைத்திருக்கிறார், இருபத்தாறு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. அவளுடையதையும் எண்ணத் தொடங்கினார். மூன்றாவது படத்திலேயே அது தன்னுடைய கணக்கைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். படங்களை மட்டும் எண்ணுகிறார், முப்பத்தொன்று. கோயிலில், கடையில், ஆஸ்பத்திரியில், யாராவது வந்து, அம்மா நீங்கதானே அவங்க என்று கேட்டுவிட்டுப் போனை இவர் கையில் கொடுக்கிறார்கள். அய்யா, ஒரு போட்டோ. இவர் வாங்கி மூன்றடி பின்னால் போய், கால் வெட்டுப்படாமல், தலைக்கு மேல் நாலு விரல் இடம் விட்டு எடுத்துக் கொடுப்பார். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுப்பார். நல்லா எடுத்திருக்கீங்கய்யா என்பார்கள். போன மாதம் ஒரு பெண், அய்யா நீங்களும் வாங்க என்று கூப்பிட்டாள். பக்கத்தில் போய் நின்றார். அப்போது போட்டோ எடுக்க ஆள் இல்லை. சரி பரவாயில்லை என்று திரும்பி வந்து இவரே எடுத்தார்.

தட்டில் லெமன் டீ கொண்டுவந்தவர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, தனம்மா சாருக்குச் சர்க்கரை கம்மி, சரிதானே என்றார். தனம்மா சார். அப்படி ஒரு பேர் தனக்கு எந்த ஊரில் வைத்தார்கள் என்று தெரியவில்லை, இப்போது எல்லாப் படப்பிடிப்பிலும் அதுதான். சரிதான் என்று வாங்கிக்கொண்டார். மணி பதினொன்று முப்பத்திரண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் அவருடையது. மேலே பக்கிரிசாமி என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். இந்த மாதத்தில் ஒரே ஒரு நாள் நீலத்தில் இருந்தது. இருபத்துமூன்று. ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த வேலை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர். இரண்டு வரி வசனம். ‘பேரு?’ ஒன்று. ‘அப்பா பேரு?’ இன்னொன்று. அவர்கள் ஒரு வரி என்றுதான் சொன்னார்கள், நடுவில் எதிராளி பதில் சொல்வதால் இரண்டு என்று இவர் எடுத்துக்கொண்டார். இந்த இரண்டு வரியை அவர் குளியலறையில் நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதட்டி, அலுத்து, பரிவாக, வெற்றிலை மென்றுகொண்டு. முந்தாநாள் அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது தனபாக்கியம் கேட்டுவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, நீங்க எழுதற பேப்பரையே பார்த்துக்கிட்டுக் கேளுங்களேன், அவன் மூஞ்சியப் பாக்காம என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதும் தெரிந்துவிட்டது, அதுதான் சரி. மனு எழுதுகிறவன் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவன், எந்த முகத்தையும் பார்க்க மாட்டான். நாற்பது விதத்தில் அந்த ஒன்று மட்டும் இவருக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதா என்று சொன்னார். அவள் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். முந்தாநாளிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரியாமல் கொடுத்துவிட்டாள், அதுதான் பெரிய கஷ்டம். கர்வத்தோடு கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இப்போது இருபத்துமூன்றாம் தேதி போய் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அது அவளுடைய நடிப்பு. பார்க்காமல் கேட்டால் அது தப்பான நடிப்பு. தனக்கென்று இருந்த இரண்டு வரியிலும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குப் பெயர் பொறாமை என்று அவருக்குத் தெரியும். வாயுத் தொல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார், நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு, ஓமத்தண்ணி குடித்தால் கொஞ்சம் அடங்கும். எதிர்வீட்டுக்காரன் மேல் வந்தால் வேறு. கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவளிடம் வந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது. ராத்திரி அவள் குதிகால் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துவிடுவதும் இந்தக் கைதான். அவளுக்கு வசனத்தைப் படித்துக் காட்டி, எதிராளி வேஷம் எல்லாவற்றையும் இவரே போட்டு, மனப்பாடம் ஆகிறவரை உட்கார்ந்திருப்பதும் இவர்தான். அப்போதெல்லாம் அந்தச் சூடு எங்கே போகும் என்று தெரியாது. அவள் சரியாகச் சொல்லிவிட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே அது திரும்பி வரும். மணி பதினொன்று நாற்பத்தொன்று. ‘அம்மாவுக்கு அந்த நாலு நாளும் வேற கம்பெனிக்குக் குடுத்தாச்சு.’ இப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் தீர்மானிக்கவில்லை, சொன்னால் எப்படிச் சொல்வது என்று பார்த்தார், அவ்வளவுதான். குடுத்தாச்சு என்பதைவிடக் குடுத்துட்டோமே என்றால் வருத்தம் தெரியும். கொஞ்சம் வருத்தம் இருந்தால் நம்புவான். ஐயையோ என்று ஆரம்பிக்கக் கூடாது, அது நாடகம். நோட்டைப் புரட்டுகிற சத்தம் போனில் கேட்க வேண்டும். நாலு நாள்தானே. அந்த நர்ஸ் இல்லாவிட்டால் அவளுக்கு இன்னொரு நர்ஸ் வரும், தாசில்தாருடைய அம்மா வருவாள், இட்லிக் கடைக்காரி வருவாள், அவளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கதையே அவள் மேல்தான் என்றானே. இதுவரைக்கும் அவளுக்கு வந்ததெல்லாம் யாருக்காவது அம்மா, பாதிப் படத்தில் செத்துப்போகிறவள். இது அப்படி இல்லை. இது வந்தால் சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் அவள் முகம் இருக்கும். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருக்கும். அவள் வேண்டுமானால் அந்தப் பக்கம் பார்க்காமல் வருவாள். இவர் பார்ப்பார். எத்தனை என்று எண்ணுவார், எண்ணாமல் இருக்க முடியாது, சைதாப்பேட்டையிலிருந்து வடபழனி வரை எத்தனை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். அவளிடம் கேட்க வேண்டியதுதான் முறை. மாடிக்குப் போய் ஒரு நிமிஷம் என்று கூப்பிட்டால் வருவாள். கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். உங்களுக்குச் சரின்னு பட்டாச் சரிங்க என்பாள். எப்போதும் அதுதான் சொல்வாள். முப்பத்தொரு படத்துக்கும் அதைத்தான் சொன்னாள். அப்படிச் சொல்லாதே, உனக்கு வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல் என்று ஒரு தடவையாவது இவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லில்தான் இவர் குடியிருந்தார்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குக் குணாளனைக் கூப்பிட்டார். எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார். நோட்டைக் காதோரம் வைத்து இரண்டு பக்கம் புரட்டினார். பதினாலுலேருந்து பதினேழா கேட்டீங்க என்று நிதானமாக ஆரம்பித்து, ஒரு மூச்சு விட்டு, அந்த நாலு நாளும் போன வாரம்தான் தம்பி குடுத்துட்டோம், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, குடுத்த தேதிய மாத்தறது எங்களுக்குப் பழக்கமில்லை என்று முடித்தார். குரல் ஒட்டவில்லை. தொண்டைக்குழியில் போய் உட்காரவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நின்றது, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வசனம் அவருக்கு வந்ததில்லை. ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. அந்தக் கார் ஷெட்டில் அதைப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. லைன்லயே இருங்க சார் என்றான் குணாளன். யாரிடமோ கேட்டான், அந்த யாரோ ஏதோ நீளமாகச் சொன்னார். பக்கிரிசாமி நின்றுகொண்டே இருந்தார். முடிந்துவிட்டது, இவ்வளவுதானா என்று இருந்தது. சூடு அடங்கவில்லை, அடங்கும் என்று நினைத்திருந்தார். குணாளன் திரும்பி வந்தான்.

“சார், டைரக்டர் சொல்றாரு, அம்மாவுக்காக நாங்க தள்ளிக்கிறோம்னு. மத்தவங்க போர்ஷனை முதல்ல எடுத்துடறோம். இருபத்திரண்டுலேருந்து இருபத்தஞ்சு. அதுவாச்சும் குடுங்க சார். நீங்க ரொம்பக் கறாரான மேனேஜர்தான்.”

இதைத்தான் ஜோதிலிங்கம் அன்றைக்குச் சொன்னார். இல்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தொழில் தெரியும் என்றார். இவர் எழுதிக்கொண்டார், ஏழாவது விதி, ஆனால் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை, பயம். இன்றைக்கு அவளைக் கீழே இழுக்க நினைத்துச் சொன்ன ‘இல்லை’ அவளை இன்னும் நாலு படி மேலே ஏற்றிவிட்டது. இனிமேல் அந்தக் கம்பெனியில் தனம்மா தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு என்று பேச்சாகும். அதுவும் இவருடைய வேலைதான். சிரிப்பு வந்தது, வரவும் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தைந்து. அவளுடைய பக்கத்தில் நான்கும் வெறுமை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. இன்னொரு தடவை இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான், இந்தத் தடவை கேட்பான். இருபத்துமூன்று எனக்கு ஷூட்டிங் இருக்கு என்று சொல்ல வேண்டும். உங்களுக்கா சார் என்பான். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை காதால் கேட்க முடியாது. வேறு ஏதாவது பொய் சொல்லலாம், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அப்படி நடிக்கிற சக்தி அவருக்கு இல்லை. குடுத்துரலாம் தம்பி என்றார். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. குணாளன் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு, இருபத்தொண்ணாம் தேதி ராத்திரி ரயில், ரெண்டு டிக்கெட்தானே சார், அம்மாவுக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணு என்று கேட்டான்.

“ஒண்ணு போதும்.”

“அம்மா தனியாவா வருவாங்க?”

வருவார்கள் என்றார் பக்கிரிசாமி. உட்கார்ந்தார். பதினான்கு வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறாள் தனபாக்கியம், பதினான்குக்கும் இவரோடுதான். ரயிலில் எந்தப் பெட்டி என்று இவர்தான் பார்ப்பார். லாட்ஜில் சுடுதண்ணி எந்தக் குழாயில் வருகிறது என்று இவர்தான் திருகிப் பார்ப்பார். அவளுக்கு மேல் படுக்கை ஏறத் தெரியாது, கீழ்ப் படுக்கைக்கு யாரிடமாவது பேசி மாற்ற வேண்டும், பேசுவதும் கூச்சம், இவருக்கும் கூச்சம்தான், ஆனாலும் பேசுவார். அதற்கெல்லாம் ஆள் வேண்டுமே. யோசிக்க யோசிக்க அவருக்கு உள்ளே ஏதோ லேசாகியது. அவள் போக மாட்டாள். நீங்க இல்லாம எப்படிங்க என்பாள். சொல்லட்டும். உடனே பதில் பேசக் கூடாது, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பிறகு, சரி, நான் என் இருபத்துமூணை விட்டுடறேன் என்று சொல்லலாம். அந்த மனு எழுதுகிறவனை வேறு யாராவது செய்துகொள்ளட்டும், தாளைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ எப்படியோ கேட்டுக்கொள்ளட்டும். உனக்காகத்தான் விட்டேன் என்று வாயால் சொல்லவே வேண்டாம். அவளுக்குத் தெரியும். போஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் தெரியும். அது ஒரு இடம், அவருக்கே அவருக்கான ஒரு இடம், அந்தப் படத்தில் எந்த நாடகக்காரனுக்கும் கிடைக்காத இடம். மணி பன்னிரண்டு இருபது. அவள் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார். காத்திருப்பதில் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ருசி இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பிரேக் விட்டார்கள். தனபாக்கியம் வெறுங்காலோடு கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கி வந்தாள். முகத்தில் மேக்கப், நெற்றியில் திருநீறு, அந்தக் கதையில் அவள் விதவை. அந்த நெற்றியைப் பார்த்துப் பேச அவருக்கு என்றைக்குமே பிடிக்காது, பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசினார். கல்லிடைக்குறிச்சி, நர்ஸ், கதையே நீதான், எல்லாம் வரிசையாகச் சொன்னார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மொதல்ல பதினாலுலேருந்து பதினேழு கேட்டான், இல்லைன்னுட்டேன் என்றார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. தனபாக்கியம் அவரைப் பார்த்தாள். பதினாலு நமக்கு ஒண்ணும் இல்லையே என்றாள். இல்லை என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பெயிண்ட் உரிந்த இடம் ஒன்று ஆமை மாதிரி இருந்தது. அவள் கேட்கவே இல்லை. அதனால் மேலே சொல்ல வேண்டியதாயிற்று. தேதி தள்ளி இருபத்திரண்டு ஆகியிருக்கிறது, இருபத்துமூன்று எனக்கு வேலை, அதனால் டிக்கெட் ஒன்றுதான் போடச் சொன்னேன், நீ தனியாத்தான் போகணும் என்றார்.

“போயிக்கிறேங்க.”

இடைவெளியே இல்லை. ஒன்று என்று எண்ணத் தொடங்குவதற்குள் சொல்லிவிட்டாள். சோற்றுக்கு அரிசி எடுத்து வச்சிட்டுப் போறேன் என்பது மாதிரி, ரொம்ப நாளாகத் தயாராக இருந்த பதில். இவர் விட்டுக்கொடுக்க வைத்திருந்ததை எடுக்கவே நேரம் இல்லை. உங்க வேலைய விட்றாதீங்க, ஏழு மாசம் கழிச்சு வந்திருக்கு என்றும் சொன்னாள். பக்கிரிசாமி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“பயமா இருக்காதா, தனியா?”

இந்தத் தடவை அவள் உடனே சொல்லவில்லை. அவரையே பார்த்தாள், எதையோ படிக்கிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இருக்கும்ங்க. இல்லாம எப்படி இருக்கும்.”

குரல் கடைசிச் சொல்லில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. கீழ் இமையில் ஈரம் கட்டியது, ஆனால் விழவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்த விரல் ஒரு தடவை அழுந்தித் தளர்ந்தது. எதுவும் கூட இல்லை, எதுவும் குறைய இல்லை. அவருக்கு எது வேண்டியிருந்ததோ அது, சரியான அளவில். இது பயமா, இல்லை அவர் நிற்கிற நிலையைப் பார்த்துக் கொடுத்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு படம் கூடவே இருந்து பார்த்தவர், இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தார், அப்போதும் தெரியவில்லை. இதற்குத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள்.